நாய்க்கு எத்தனை வாய்தா?

திருநெல்வேலி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம். நான் 28 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். வரப்புத் தகராறு, கிணற்றுப் பங்கு, பாகப்பிரிவினை என்று எத்தனையோ கட்டுகளைச் சுமந்திருக்கிறேன். ஒரு நாய் வழக்கின் கட்டு மட்டும் இன்னும் தோளை விட்டு இறங்கவில்லை.

மானூர்ப் பக்கத்துக் கிராமம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன மருமகன், தன் கன்னி இன நாயை மாமியார் வீட்டில் மைத்துனர் பொறுப்பில் விட்டுப் போனார். இரண்டரை ஆண்டு கழித்து வந்து கேட்டார். "கொடுத்துவிட்டுத்தானே போனீர்கள்" என்றார் மைத்துனர். விட்டுப்போனதா, கொடுத்ததா? அந்த இடைவெளியில்தான் தாவா பிறந்தது.

நம் பக்கத்தில் கன்னி, சிப்பிப்பாறைக் குட்டிகளை ரசீது போட்டு வாங்குவது நேற்று வந்த பழக்கம். குட்டியை உறவுக்கும் நட்புக்கும் கொடுப்பார்கள். ஆண் நாய்க்காரருக்கு ஈற்றில் ஒன்று போகும். எல்லாம் வாய்ச்சொல். அதற்குச் சாட்சி சொல்ல வருகிறவரும் சொந்தக்காரர்தான். கோர்ட்டுப் படியேறி இறங்கிய பிறகு எந்தச் சொந்தம் மிஞ்சும்?

நாயை நேரில் கொண்டுவரச் சொன்ன நாள் நினைவிருக்கிறது. கறுப்பு உடம்பு, இரு கண்களுக்கும் மேலே தவிட்டு நிறத்தில் பொட்டு வைத்ததுபோல் இரண்டு புள்ளி. வளாகத்து வேப்பமரத்தடியில் நின்றது. மருமகன் ஒரு பெயரில் கூப்பிட்டார், மைத்துனர் இன்னொரு பெயரில் கூப்பிட்டார். இருவருக்கும் வாலை ஆட்டியது. நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு டீக்கடையோரம் முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டிருந்த ஆச்சியிடம் போய், அவர் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். அத்தனை நாளும் சோறு வைத்தவர் அவர்தான். பிராதிலும் எதிருரையிலும் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பிராதைத் தட்டச்சு செய்தவன் நான். எனக்கும் தோன்றவில்லை.

சட்டத்தின் கண்ணில் நாய் அசையும் பொருள். கட்டிலும் பீரோவும் போல. அதைத் திரும்பப் பெற வழக்குப் போடவே 3 ஆண்டு அவகாசம் உண்டு. பிறகு விசாரணை, முதல் மேல்முறையீடு, அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நாய் இருப்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டு. பீரோ காத்திருக்கும். நான் சொன்ன நாய் இரண்டாம் ஆண்டிலேயே செத்துவிட்டது. நஷ்டஈடு கேட்டிருந்ததால் அதன் பிறகும் மூன்று வாய்தா ஓடியது.

மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாதில் 2020-இல் ஒரு லாப்ரடாருக்கு இருவர் உரிமை கோர, போலீசார் டி.என்.ஏ. பரிசோதனை வரை போனார்கள். அப்பன் நாய் எது என்று அது சொல்லும். யார் கையில் சாப்பிட்டது என்று சொல்லுமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மணமுறிவு வழக்குகளில், வளர்ப்புப் பிராணியின் பராமரிப்பைக் கருதி அது யாரிடம் இருப்பது என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம் என்று 2019 முதல் சட்டம் இருக்கிறது. அங்கே நடப்பதெல்லாம் இங்கே வேண்டும் என்பவன் அல்ல நான். ஆனால் இந்த ஒன்று நம் ஆச்சிகளுக்கும் பொருந்தும்.

உங்கள் கையில் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இருக்கிறது. வழக்காக மாறும் முன்பே தகராறை மக்கள் நீதிமன்றத்தில் எடுக்கலாம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. நாய்த் தகராறு என்று மனு வந்தால் சிரிக்காமல் அந்த வழியில் எடுங்கள். மனு போட்டவரோடு சோறு வைத்தவரையும் கூப்பிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அட்டையில் யார் பெயர், ஊசி போட யார் கூட்டிப்போனார் என்று கேளுங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு மருத்துவரை அழைத்தால் நாயின் வயதும் உடல்நிலையும் தெரிந்துவிடும். பேச்சு முடியும்வரை அது எங்கே இருக்கும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். இழுபறியில் நாயைச் சங்கிலியில் பூட்டி, அடுத்தவர் கண்ணில் படாமல் மாட்டுத்தொழுவில் அடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த மக்கள் நீதிமன்றத்தில் இதற்கென்று ஓர் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பத்து மணிக்கே வைத்துவிடுங்கள். அதற்கு மேல் நம் ஊர் வெயிலில் நாய் எழுந்து வராது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவன்,
பாளையங்கோட்டை.