வெறும் தட்டு

ஷார்ஜா,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நான் நல்ல சுகம். உங்கள் சுகமும் அம்மா, அக்கா, பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல். லீவில் சேலம் வருகிற ஒரு தம்பியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள், வீடே கேட்கும். இது உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டியது.

முதலில் என் பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ரூமில் ஆறு பேர், மூன்று அடுக்குக் கட்டில். எனக்கு மேல் கட்டில். சமையல் முறை வைத்துச் செய்கிறோம், என் முறை செவ்வாயும் சனியும். வெயில்தான் தாங்கவில்லை. சித்திரையில் நம்ம கோட்டைத் தெரு என்னதான் கொதித்தாலும், ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டால் ஏற்காட்டு மலைப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று இறங்கும். இங்கே ராத்திரி பத்து மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம். அந்த நேரத்தில் ஷெட்டுக்குள் அட்டை விரித்துப் படுத்துக்கொள்வோம். அதனால் கவலைப்படாதீர்கள்.

சொல்ல வந்தது நோன்பு மாதத்தில் நடந்தது. குளிர் விலகும் சமயத்தில் வந்த நோன்பு, வேலை நேரத்திலும் இரண்டு மணி நேரம் குறைவு. உங்கள் காலத்தில் பட்டறை நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்த நோன்புக்கு இது உறை போடக் காணாது. ஆனாலும் ஒரு நோன்பு விடவில்லை, ராத்திரித் தராவீஹ் தொழுகை ஒன்று விடவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு இருந்தது.

ஒருநாள் லுஹர் தொழுகைக்கு முன்னால் ஸ்டோர் ரூம் பின்பக்கம் போனேன். எங்கள் ரூம்காரர் ஒருவர் சுவரைப் பார்த்து நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியாது. நாலு மிடறு இருக்கும். மூடியைத் திருகி, பாட்டிலைச் சட்டைக்குள் வைத்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் அதே தப்பைத் திரும்பவும் செய்தவனாவேன்.

அன்றைக்கு இஃப்தாருக்கு, நோன்பு திறக்கும் முன்பே மற்ற நாலு பேரிடமும் சொல்லிவிட்டேன். "பெருசா ஒண்ணுமில்ல, ஆனா..." என்றுதான் ஆரம்பித்தேன். சாயங்காலம் அவர் வழக்கம்போலப் பேரீச்சம்பழத்தைப் பிரித்து எல்லோர் முன்னாலும் வைத்தார். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. பெருநாள் முடிந்ததும் வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

எங்களோடு இருக்கும் மலையாளி இக்கா ஒருவர் மட்டும் அன்றைக்கே என்னிடம், "நீ எதுக்கு அந்த நேரம் அங்கே போனே?" என்று கேட்டார். அதைத்தான் அத்தா, இத்தனை நாளாக என்னால் கடக்க முடியவில்லை. சூப்பர்வைசர் கண்ணில் படாமல் போன் பார்க்கப் போயிருந்தேன். கூலி வாங்குகிற நேரம் அது, நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம். அவர் ஒளிந்து நின்றது எனக்குத் தெரிந்தது. நானும் ஒளியத்தான் வந்தேன் என்பது தெரியவில்லை.

செவ்வாப்பேட்டைப் பட்டறையில் நீங்கள் கொலுசு எடை போடுவது ஞாபகம் வந்தது. முதலில் ஃபேனை நிறுத்தச் சொல்வீர்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, வெறும் தட்டு இரண்டையும் விட்டு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பீர்கள். அரத்தூள் ஒட்டியிருந்தால் பிரஷ்ஷால் தட்டி, திரும்பவும் பார்ப்பீர்கள். கொலுசு கொண்டு வந்தவர் அவசரப்பட்டாலும் விடமாட்டீர்கள். "என் தராசு சரியில்லாம அவன் சரக்க எப்படிக் கொறை சொல்றது?" என்பீர்கள். கலீஃபா உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களும் எடையைத்தானே சொன்னார்கள்: கணக்குக் கேட்கப்படும் முன் உங்களை நீங்களே கணக்குப் பாருங்கள், எடை போடப்படும் முன் உங்களை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள் என்று. மதரஸாவில் ஹஜ்ரத் சொல்லிக் கேட்டதுதான். அன்றைக்கு வெறும் சொல்லாகப் போனது.

குர்ஆனில் ஹுஜுராத் சூராவின் 12வது ஆயத்தைத் தமிழ் அர்த்தத்தோடு திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சந்தேகங்களில் பெரும்பாலானதை விட்டு விலகச் சொல்கிறான் அல்லாஹ், துருவிப் பார்க்காதே என்கிறான், புறம் பேசாதே என்கிறான், அதன் பிறகுதான் செத்த சகோதரனின் இறைச்சியைத் தின்னப் பிரியப்படுவாயா என்று கேட்கிறான். நான் இந்த மூன்றையும் ஒரே மத்தியானத்தில் செய்து முடித்தவன். நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பை வேறு நாளில் பிடிக்க அல்லாஹ்வே பகரா சூராவில் சலுகை கொடுத்திருக்கிறான். அவருக்கு என்ன காரணமோ, காரணமே இல்லையோ, அது அவருக்கும் ரப்புக்கும் நடுவில். காரணம் இருந்தால்தான் நான் வாயை மூடியிருக்க வேண்டும் என்பதில்லை.

ஸஹீஹ் முஸ்லிம் கிதாபில் வருகிற ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். திவாலானவன் யார் என்று ரசூலுல்லாஹ் கேட்டார்கள். காசு இல்லாதவன் என்றார்கள் ஸஹாபாக்கள். இல்லை, தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டுவந்து நிற்பான், ஆனால் ஒருவரை ஏசியிருப்பான், ஒருவர் மேல் அவதூறு சொல்லியிருப்பான், அவன் நன்மையெல்லாம் எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப்படும் என்றார்கள். நான் பெருமைப்பட்ட நோன்பெல்லாம் இப்போது யார் கணக்கில் இருக்கிறதோ என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை, அத்தா.

ரூமில் நாலு பேரிடமும் நான் பேசியது தப்பு என்று சொல்லிவிட்டேன். போன வாரம் அவர் இருக்கும் கட்டடத்துக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "உங்களப் பத்திப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க" என்றேன். கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "தெரியும் தம்பி. வா, டீ குடிக்கலாம்" என்றார். காரணத்தை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

இன்னொன்று. போன வாரம் போனில் அம்மாவிடம், நம்ம தெருவில் அந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார்களே, நிஜமா என்று கேட்டுவிட்டேன். அம்மா விசாரித்துச் சொல்கிறேன் என்றார்கள். விசாரிக்க வேண்டாம் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். கேட்டது என் தப்பு, அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கடிதம் கொண்டு வரும் தம்பி அடுத்த மாதம் திரும்பி வருகிறான். அவனிடம் தட்டுவடை கொடுத்து விடுவதாக அக்கா சொன்னாள். இரண்டு பொட்டலமாகத் தனித்தனியே கட்டச் சொல்லுங்கள். ஒன்று அவருக்கு. டீ குடிக்கும்போது ஊர்த் தட்டுவடை பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.

உங்கள் மகன்