உப்புத்தாள் அண்ணனுக்கு நன்றி

சுங்கை சிப்புட் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) நடந்த பின்னல் கோலாட்டப் பட்டறைக்கு, அதாவது மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துக் குச்சி தட்டி ஆடிக்கொண்டே பின்னும் ஆட்டத்தைப் பழகும் பட்டறைக்கு வந்து, பெயர்கூடச் சொல்லாமல் போன அண்ணனுக்கு நன்றி.

புதுக் குச்சிகளில் சிலாம்பு இருந்ததைப் பார்த்ததும், மோட்டார் சீட்டுக்கு அடியிலிருந்து உப்புத்தாளை எடுத்து ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொடுத்தீர்கள். அப்புறம் கயிறு சிக்கியபோது, "அறுக்காதீங்கம்மா, வந்த அடியையே திருப்பிப் போடுங்க, தானாப் பிரியும்" என்றீர்களே, அதுதான் பெரிய உதவி. பின்னலைப் போடுவதைவிடப் பிரிப்பதுதான் சிரமம். ஒருத்தி தாளம் தப்பினால் எல்லாருக்கும் முடிச்சு! தோட்டத்தை விட்டு ஆளுக்கொரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) போன பாட்டிமார் ஒரே வட்டத்தில் நின்று சிரித்தார்கள். மூட்டுவலிக்காரப் பாட்டிக்கு நாற்காலி போட்டு, உட்கார்ந்தபடியே குச்சி தட்ட வைத்ததும் நீங்கள்தான்.

தேநீர்கூடக் குடிக்கவில்லை. சரி, அடுத்த பட்டறைக்கு வாங்க அண்ணா, நாசி லெமாக் எடுத்து வைக்கிறோம்.