'நில்' ரிப்போர்ட்டை ('நோயாளி யாரும் இல்லை' என்ற அறிக்கையை) நம்பாதீர்கள்: பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் எங்களை நர்ஸம்மா என்பார்கள். சமூக மருத்துவப் போஸ்டிங்குக்கு உங்களில் பலர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறீர்கள். கையெழுத்துப் போட்டதும் பி.ஜி. நீட் புத்தகத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறீர்கள். அந்தப் பரீட்சை உங்களை என்ன பாடுபடுத்துகிறது என்று தெரியும். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் என் அக்கா மகள் வயிற்றுப் பேரன், பெரியாஸ்பத்திரியில் உங்களோடு இருப்பவன், கேட்டான்: "அம்மாச்சி, டபிள்யூ.ஹெச்.ஓ.வோட பிரதிநிதியா ஒரு நாட்டுக்குப் போகணும்னா என்ன செய்யணும்?" அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

டபிள்யூ.ஹெச்.ஓ. என்கிற உலக சுகாதார நிறுவனத்துக்குச் சுமார் 150 நாடுகளில் அலுவலகம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தலைவர்தான் பிரதிநிதி. மந்திரியோடு உட்கார்ந்து பேசுகிற பதவி. ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அதில் இல்லை. எங்கள் வட்டார மருத்துவ அலுவலர் ஒரு சர்க்குலர் அனுப்பினால் நாங்கள் செய்தே தீரவேண்டும். பிரதிநிதி மந்திரிக்கே எழுதினாலும் அது யோசனைதான். அதேபோல எந்த அரசாங்கத்தின் உத்தரவையும் அவர் வாங்கிக்கொள்ளவும் கூடாது. நிறுவனத்தின் சாசனத்தில் 37-ஆவது விதியே அதைச் சொல்கிறது. உத்தரவு போடவும் முடியாது, வாங்கவும் கூடாது என்றால் அவர் கையில் இருப்பது ஒன்றுதான்: இந்த நாட்டில், இந்த ஊரில், இன்றைக்கு நிஜமாக என்ன நடக்கிறது என்ற தகவல். அது எங்கிருந்து போகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

1997-இல் மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து போலியோ கண்காணிப்புத் திட்டத்தை ஆரம்பித்தன. அதற்கென்றே தனி டாக்டர்கள் வந்தார்கள். அப்படி வந்த ஒருவர் வடக்கத்திக்காரர், தமிழ் அரைகுறை. நாலு வயசுப் பையன் ஒருத்தனுக்குத் திடீரென்று கால் துவண்டுவிட்டது என்று நான் சொல்லி அனுப்ப, அன்று சாயங்காலமே வந்துவிட்டார். சாணி மெழுகிய தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, பையனின் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"ஆடிப் பதினெட்டுக்கு மக்கா நாளு," என்றது பையனின் பாட்டி.

அவருக்குப் புரியவில்லை. சுவரில் தொங்கிய தினக் காலண்டரைப் புரட்டி நான்தான் தேதியைக் காட்டினேன்: ஆகஸ்ட் 4. அதைக் குறித்துக்கொண்டு, தான் எழுதியது சரியா என்று பாட்டியிடமே என்னைத் திரும்பக் கேட்கச் சொன்னார். கால் துவண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் எடுத்தாக வேண்டும். அந்தத் தேதி தப்பானால் எல்லாமே தப்பு. எடுத்த மலத்தை ஐஸ் பேக் அடுக்கிய கேரியரில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பிறகு அது சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் ஆய்வகத்துக்குப் போனது. போலியோ இல்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் 60 நாள் கழித்து அந்த டாக்டர் மறுபடி வந்து, பையனைத் தெருவில் நடக்கவிட்டுப் பார்த்தார். இனி எதற்கு சார் என்று கேட்டேன். "நான் வரலைன்னா, அடுத்த பையனுக்கு நீங்க என்னைக் கூப்பிட மாட்டீங்க சிஸ்டர்," என்றார்.

கண்காணிப்பில் ஒரு கணக்கு உண்டு. போலியோவே இல்லாத ஊரிலும் வேறு காரணங்களால் சில பிள்ளைகளுக்குக் கால் துவளும். 15 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவரையாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். ஒரு மாவட்டம் வருஷம் முழுக்க 'நில்' என்று அனுப்பினால், அங்கே நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். யாரும் தேடவில்லை என்று அர்த்தம். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி, ஹவுரா பக்கத்துச் சிறுமி, 2011 ஜனவரி 13-இல் பாதிக்கப்பட்டாள். 2014 மார்ச் 27-இல் நம் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்துக்கே போலியோ இல்லை என்ற சான்றிதழ் கிடைத்தது. 'நில்' என்று வந்ததையும் போய்த் தேடிப் பார்த்ததால்தான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு.

இதற்கு நேர்மாறாக நானே நடந்திருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் ஒரே தெருவில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. மறுநாள் மீட்டிங் இருந்தது. "இப்ப எழுதாதம்மா, நமக்குத்தான் கெட்ட பேரு," என்றார் மேலே இருந்தவர். நான் எழுதவில்லை. குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் உடைந்து கிடந்ததைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. அதற்குள் தெருவில் பாதி வீட்டில் ஆள் படுத்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை நான் வெறுமையாக விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

நம்மவர்கள் உலக சுகாதார நிறுவனத்துக்குப் போனதில்லை என்று நினைக்க வேண்டாம். 1961-இல் டெல்லியில் கூடிய உலக சுகாதாரப் பேரவைக்கு (அந்த நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் கூட்டத்துக்கு)த் தலைமை வகித்தவர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். டாக்டர் சௌமியா சுவாமிநாதன் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் பல வருஷம் வேலை பார்த்து, பிறகு ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி ஆனார். அந்தச் சென்னை நிறுவனம் 1956-இல் தொடங்கியபோது உலக சுகாதார நிறுவனமும் கூட நின்றது. காசநோய்க்காரர் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அங்கே நடந்த ஆய்வுதான். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்த பணியாளர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

பட்டமும் பொது சுகாதாரப் படிப்பும் ஆங்கிலமும் வேண்டும்தான். பிரெஞ்சு தெரிந்தால் இன்னும் நல்லது. அதையெல்லாம் உங்கள் பேராசிரியர்கள் சொல்லுவார்கள். நான் சொல்வது வேறு. பிரதிநிதியைப் பொதுவாகச் சொந்த நாட்டுக்கே அனுப்புவதில்லை. பாஷை தெரியாத ஊரில், ஒரு பாட்டி தன் கணக்கில் சொல்லும் நாளை நீங்கள் ஆகஸ்ட் 4 என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அதைப் பாஷை தெரிந்த இந்த ஊரில், நாங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறுங்கள். இப்போது இருக்கும் நர்ஸம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஊசி போட்டு முடிந்ததும், அன்றைக்கு வராத பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு அவர் வீடு வீடாகப் போவார். அவர் கூடப் போங்கள். நோட்டு கொண்டு வாருங்கள், செருப்பு நல்லதாகப் போட்டு வாருங்கள். மத்தியானச் சாப்பாடு என் வீட்டில்.