மூன்று நோய்களுக்கு ஒரே பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் உணவுகளைப் பற்றி அண்மையில் வந்த கட்டுரையையும், அதே பக்கத்தின் அடியில் இடம்பெற்றிருந்த 'ரத்த ஓட்ட' மாத்திரை விளம்பரத்தையும் ஒருசேரப் படிக்க நேர்ந்தது. கட்டுரையில் சொல்லப்பட்ட பூண்டையோ இஞ்சியையோ பீட்ரூட்டையோ குறைகூற இக்கடிதத்தை எழுதவில்லை. முப்பது ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் இயன்முறை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், "காலுக்கு ரத்த ஓட்டம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வந்த ஆயிரக்கணக்கான கால்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதையும், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குக் கெடுதலாக முடியக்கூடும் என்பதையும் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம் என்பதே என் வருத்தம்.

முதலாவது, நாம் நரம்பு சுருட்டல் என்று சொல்லும் நோய். பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. சுருண்டு புடைப்பது நரம்பே அன்று. காலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. ஊசி போடும்போதுகூட "நரம்பு கிடைக்கவில்லை" என்றுதான் பேசுகிறோம். பேச்சுத் தமிழில் அது பிழையில்லை, ஆனால் இந்தப் பெயரை நம்பி மருந்துக் கடையில் 'நரம்பு மாத்திரை' கேட்டு வாங்கி, சிரைக் கோளாறுக்கு மாதக்கணக்கில் வைட்டமின் விழுங்கியவர்கள் என்னிடம் வந்ததுண்டு.

இதயம் ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. பாதம் வரை இறங்கிய ரத்தம் மீண்டும் மேலேறுவதற்கு அந்த உந்துதல் மட்டும் போதாது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி, உள்ளே ஓடும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றுகிறது; ஏறிய ரத்தம் கீழே வழிந்துவிடாதபடி சிரைகளுக்குள் இருக்கும் சிறு கதவுகள் மூடிக்கொள்கின்றன. இந்தக் கதவுகள் எதற்காக இருக்கின்றன என்பதை, கையில் கட்டுப் போட்டு, புடைத்த சிரையை விரலால் அழுத்தித் தடவி, இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டிலேயே உலகுக்கு விளக்கிக் காட்டினார். மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் சதை சுருங்குவதில்லை. ரத்தம் தேங்கி, சிரை விரிந்து, கதவுகள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன. குடும்பவாகு, கர்ப்பகாலம், உடல் பருமன் ஆகியவையும் இதற்குத் துணைபோகின்றன.

என் தங்கை பத்தொன்பது ஆண்டுகள் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் நின்றவள். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பிக் கொலுசைக் கழற்றுவாள். காலை எழுந்ததும் மறுபடி மாட்டிக்கொள்வாள். கழற்றிய பிறகும் கணுக்காலைச் சுற்றிக் கொலுசின் கண்ணிகள் அச்சுப் பதித்ததுபோல் வரிசையாகத் தெரியும். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் விழும் குழி நிரம்பச் சற்று நேரம் பிடிக்கும். அவள் அதற்கு வைத்திருந்த பெயரும் 'ரத்த ஓட்டம்'தான். உள்கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கத் தொடங்கிய பிறகுதான், அது புண்ணாகிவிடுமோ என்ற பயத்தில் என் பேச்சைக் கேட்டாள். மணிக்கு ஒருமுறை நின்ற இடத்திலேயே குதிகாலை இருபது தடவை உயர்த்தி இறக்குவது, மருத்துவர் அளவெடுத்துத் தந்த இறுக்கக் காலுறையைக் காலையில் படுக்கையை விட்டு இறங்குமுன் அணிவது, இரவில் காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்துப் படுப்பது ஆகிய மூன்றையும் விடாமல் செய்தாள். கெட்டுப்போன கதவுகள் இதனால் திரும்பிவிடவில்லை. ஆனால் வீக்கம் பெருமளவு வற்றியது.

இதே காலுறையையும் தலையணையையும் இரண்டாவது வகை நோயாளிக்குக் கொடுத்தால் துன்பத்தில் முடியும். அவருக்கு அடைபட்டிருப்பது ரத்தத்தைக் காலுக்குக் கொண்டுவரும் தமனி. குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் கெட்டியாக இழுத்துப் பிடிக்கும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் பிடிக்கும். முற்றிய நிலையில், படுத்தாலே பாதம் வலித்து, கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டால்தான் தூக்கம் வரும். ஏற்கெனவே குறைவாக வரும் ரத்தத்தை இறுக்கக் காலுறை மேலும் தடுத்துவிடும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டால் நோய் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் தமனியில் அடைப்பு உண்டு என்று கொள்ளலாம். ஊசி வேண்டாம், மயக்கம் வேண்டாம். ஆனாலும் இந்தச் சோதனையைக் கேள்விப்படாமலேயே பலர் மாத்திரைக்குப் போய்விடுகிறார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் புகைபிடித்தவர்களாகவோ சர்க்கரை நோயாளிகளாகவோ இருப்பார்கள். நாற்பது வயது நிரம்பாத பீடிப் பழக்கக்காரர்களின் கால்விரல்கள் கருகிப்போவதையும் பார்த்திருக்கிறேன். சிறு தமனிகளையும் சிரைகளையும் அழற்சியால் அடைக்கும் அந்த நோய்க்குப் புகையிலையை அடியோடு விடுவதைத் தவிர வேறு எதுவும் பலன் தராது. எத்தனை கிலோ பூண்டு சாப்பிட்டாலும் காதில் செருகிய பீடியை அது ஈடுகட்டாது. சாதாரணத் தமனி அடைப்புக்கு, மருந்துகளோடு சேர்த்து நாங்கள் கற்றுத்தரும் முதல் சிகிச்சை நடைதான்: வலி வரும்வரை நடந்து, நின்று, வலி விட்டதும் மறுபடி நடந்து, வாரம் மூன்று நாளாவது அரை மணிக்குக் குறையாமல், பன்னிரண்டு வாரங்கள். வலியைக் கண்டு பயந்து நடையை நிறுத்தியவரைவிட இப்படிப் பழகியவர் வலியின்றி நடக்கும் தூரம் கணிசமாகக் கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. ரத்த ஓட்ட மாத்திரைகளில் தவறாமல் இடம்பெறும் ஜிங்கோ இலைச் சாற்றை இதே நோய்க்குக் கொடுத்து நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள் 2013இல் சொன்னது, குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை என்பதே. நியாயமாகப் பேசுவதென்றால், குதிரைச் செஸ்ட்நட் என்ற மேலைநாட்டு மரத்தின் விதைச் சாறு சிரை வீக்கத்தைக் குறுகிய காலத்துக்குக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆக, இயற்கைப் பொருள் என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடவும் முடியாது. எந்த நோய்க்கு என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதில் ரத்த ஓட்டம் முற்றிலும் சரியாகவே இருக்கலாம். கெட்டிருப்பது உண்மையான நரம்பு. சர்க்கரை நோயாளிகள் பாதம் மரத்துப்போகிறது, மெத்தைமேல் நடப்பதுபோல் இருக்கிறது, இரவில் எரிகிறது என்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் ரத்தம் ஓடட்டும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். ஒரு மூதாட்டி இரண்டு பாதங்களும் கொப்புளித்து வந்தார். பக்கெட்டில் தண்ணீர் என்ன சூடு என்று கேட்டேன். "எனக்கு இதமாத்தானே இருந்துச்சு" என்றார். உடன் வந்த மருமகள் தலைகுனிந்து நின்றாள். சூடு தெரியாத காலுக்கு ஒத்தடம் கொடுத்த அவளை எப்படிக் குற்றம் சொல்வது? எல்லாம் ரத்த ஓட்டம் என்றுதானே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இம்மூன்றிலும் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் கனத்து வலித்தால், அது ஆழ்சிரையில் உறைந்த ரத்தக் கட்டியாக இருக்கலாம். எண்ணெய் போட்டு நீவிவிடக் கூடாது; கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி உணவுக்கு வருகிறேன். பீட்ரூட்டைப் புகழ்ந்திருந்த கட்டுரையாளர், அதில் உள்ள அதே நைட்ரேட் நம் ஊர் முளைக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் தாராளமாக இருப்பதைக் குறிப்பிடவில்லை. கீரையின் நைட்ரேட்டை நம் வாயில் வாழும் நுண்ணுயிரிகள் மாற்றிக்கொடுக்க, அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது. ரத்தக்குழாயைத் தளர்த்துவது இந்த வாயுதான் என்று கண்டறிந்ததற்காகவே 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. நாள்தோறும் கிருமிநாசினித் திரவத்தால் வாய் கொப்பளிப்பவர்களுக்கு இப்பயன் குறைகிறது என்பது கூடுதல் செய்தி. ஒமேகா கொழுப்பை விலையுயர்ந்த புட்டியில் தேடுபவர்கள் மத்தி மீன் குழம்பு வைத்துச் சாப்பிடலாம். ஆனால் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைக் குறைப்பது என்பதில்தான் நம் வீடுகளில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று ஒரே இலையில் பரிமாறினால் அந்தக் கணக்கு மதிய உணவோடு முடிந்துவிடும். உயர் ரத்த அழுத்தம் தமனிகளைப் பாழாக்கும் விதத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் சின்ன விஷயம்.

ரத்த ஓட்டம் பற்றி இவ்வளவு பேசும் நாம், ஓடுகிற ரத்தத்தின் தரத்தைப் பேசுவதில்லை. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உள்ளது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி என்று வருபவர்களில் பலருக்குக் குறைவது இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் பார்த்து இரும்பு மாத்திரையைத் தொடங்கினால், அதை உணவை ஒட்டிக் குடிக்கும் டீயோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்ளச் சொல்வது போன்ற சிறு குறிப்புகள், மருத்துவப் பக்கத்தில் எத்தனை முறை வந்தாலும் தகும்.

மாத்திரைப் புட்டிகளைப் பற்றி எனக்கிருக்கும் கசப்புக்குக் காரணம் என் தாய்மாமா. இதய வால்வு மாற்று அறுவைக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையை மாதந்தோறும் செய்துகொள்பவர். ஒரு தீபாவளிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் அன்போடு கொடுத்த புட்டியில் பூண்டு, ஜிங்கோ, மீன் எண்ணெய் மூன்றும் கலந்திருந்தன. மூன்று வாரம் கழித்துப் பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் கசிந்து நிற்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கச் சுற்றிய பட்டையின் தடம் புஜத்தில் ஊதா நிறமாகப் பதிந்திருந்தது. "புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று இதய மருத்துவர் கேட்டபோது "மருந்து எதுவும் இல்லை" என்றே மாமா பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. இயற்கை என்று எழுதியிருந்ததால் அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. புட்டியைக் கண்டுபிடித்து நிறுத்திய பிறகுதான் நிலைமை சீரானது. அதே மாமாவுக்குக் கீரையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு: கீரையில் இருக்கும் வைட்டமின் கே அவர் சாப்பிடும் மாத்திரைக்கு எதிராக வேலை செய்வதால், ஒரு வாரம் நிறையவும் மறுவாரம் அறவே இல்லாமலும் சாப்பிடக் கூடாது. ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

ஊட்டச்சத்து மாத்திரைகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிமுறைகள், மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்ற அறிவிப்பை முகப்புச் சீட்டில் அச்சிடக் கட்டாயப்படுத்துகின்றன. இதயநோய், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 'ரத்த ஓட்டத்துக்கு உதவும்' என்று நோயின் பெயரைச் சொல்லாமல் எழுதும் விளம்பரம் இரண்டு சட்டங்களின் இடுக்கிலும் புகுந்து வெளியே வந்துவிடுகிறது. சட்டப்படி அதைத் தாங்கள் வெளியிடலாம். மருத்துவக் கட்டுரையின் காலடியில் வெளியிட வேண்டாம் என்பது என் விண்ணப்பம். கட்டுரைகளிலும் தமனி, சிரை, நரம்பு என்று பிரித்தே எழுதச் சொல்லுங்கள். பள்ளிப் பாடநூல்களில் இருக்கும் சொற்கள்தாமே.

இன்னொன்றும் உண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கச் சொல்லும் அறிவுரை, பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்கப்படும் பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்? கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடியதன் பயனாக, 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. என் தங்கை வேலையை விட்ட பிறகு வந்த சட்டம் அது. சென்ற மாதம் பேத்தியின் காதுகுத்துக்குப் புடவை எடுக்க அவளோடு அதே கடைக்குப் போயிருந்தேன். பட்டுப் பிரிவில் சுவரோரம் மூன்று ஸ்டூல்கள் போட்டிருந்தார்கள். மூன்றின் மேலும் பிரிக்காத துணிக்கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன; ஆறு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை மாலையில், மாவட்டத் தலைநகர் ஏதாவது ஒன்றின் ஜவுளிக்கடைகளுக்குத் தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, இருக்கைகளையும் அவற்றின்மேல் இருப்பதையும் எண்ணி வரச் செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர்,
மதுரை.