செவ்வாய்க்கிழமை மாலைக்கு மரத்தளத்தைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் ஊர்க் கவுன்சிலின் மண்டபங்கள் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை எங்கள் ஸ்காட்டிஷ் கன்ட்ரி நடனக் குழுவின் செயலாளர் ஆங்கிலத்தில் பல தடவை எழுதிவிட்டார். "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம்" என்று பதில் வந்தது. அதுவும் திருப்பி எழுத முடியாத முகவரியிலிருந்து. ஆங்கிலத்துக்கே இந்தக் கதி என்றால், தமிழில் எழுதுவதால் புதிதாக ஒன்றும் கெட்டுவிடாது. தவிர, இந்த ஸ்காட்லாந்து ஊரில் இருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களும் படிக்கட்டும். பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் மண்டபம் கேட்டு உங்கள் இணையப் படிவத்தோடு மல்லுக்கட்டியவர்கள்தானே அவர்களும்!

பின்னணி உங்களுக்குத் தெரியும். சென்ற கோடையில் பழைய நகர மண்டபத்தின் மரத்தளத்தின் மேல் சதுரம் சதுரமாகக் கம்பளம் ஒட்டி, மேசை நாற்காலி போட்டு, அலுவலகம் ஆக்கினீர்கள். தற்காலிகம்தான் என்றீர்கள். எங்களைப் புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் உள்ள புதிய சமூக மையத்துக்கு அனுப்பினீர்கள். போன வாரம் வந்த மின்னஞ்சலில் அந்தத் தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது. கூடவே ஓர் ஆலோசனையும் இருந்தது. சமூக மையத்தின் தளம் கடினமாக இருப்பதாக உறுப்பினர்கள் கருதினால், மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் உள்ள ஓட்டக் காலணி அணிந்து ஆடலாமே என்று.

இந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

நாங்கள் ஆடும் காலணியை உங்களில் யாராவது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மெல்லிய கறுப்புத் தோல். குதி கிடையாது. அடித்தோலும் மெல்லியது. இரண்டாக மடித்துக் கோட்டுப் பையில் செருகிக்கொள்ளலாம். ரீல், ஜிக் என்ற வேகமான நடனங்களில் முன்பாதத்தில் துள்ளி முன்பாதத்திலேயே இறங்க வேண்டும், குதிகால் தரையில் படக்கூடாது. பெரும்பாலான நடனங்கள் 32 பார் (இசையின் தாளக் கூறு) இசைக்கு அமைந்தவை. அதை எட்டு முறை ஆடினால் 256 பார். நகர்ந்து ஆடும்போது பாருக்கு ஒரு துள்ளல். ரீல் என்றால் நாலரை நிமிடத்தில் முடிந்துவிடும், ஸ்ட்ராத்ஸ்பே என்ற மெதுவான வகை என்றால் எட்டரை நிமிடம் வரை இழுக்கும். ஒரு மாலையில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு நடனம் ஆடுகிறோம்.

பழைய மண்டபத்தில் பலகைக்குக் கீழே மரச்சட்டங்கள், சட்டங்களுக்கு நடுவே வெற்றிடம். இறங்கும் காலுக்குத் தரை கொஞ்சம் இடம் கொடுக்கும். சமூக மையத்தில் கான்கிரீட்டின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டியிருக்கிறது. விழும் அடி முழுசாகக் கெண்டைக்காலுக்கும் முட்டிக்கும் ஏறுகிறது. சரி, நீங்கள் சொன்னபடி ரப்பர் காலணி போட்டுக்கொள்கிறோம் என்று வையுங்கள். ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. இடையில் மாட்டிக்கொள்வது முட்டிதான். எங்கள் ஆசிரியை உங்கள் மின்னஞ்சலை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

குழுவில் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் புதிதாகச் சேர்ந்தபோது வலது இடது தெரியாமல் தடுமாறினேன். எதிரே நின்றபடி கண்ணாலேயே எனக்கு வழி காட்டியவர் அவர்தான். குறிப்புச் சீட்டைப் பார்க்காமல் எந்த நடனத்தையும் ஆடுவார். சமூக மையத்துக்குப் போன செப்டம்பரில் எல்லா நடனத்துக்கும் எழுந்து நின்றார். அக்டோபரில் ஸ்ட்ராத்ஸ்பே மட்டும் ஆடினார், அதில் துள்ளல் இல்லை என்பதால். நவம்பரில் பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இசை போட்டுக் கொடுத்தார். தை பிறந்த பிறகு வரவில்லை. மருத்துவர் அவரை ஆட வேண்டாம் என்று சொல்லவில்லை. கான்கிரீட்டில் ஆட வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அவர் மனைவி இன்னும் வருகிறார். சேர்ந்து ஆடும் அணியான ஒரு செட்டுக்கு நாலு ஜோடி, எட்டுப் பேர் வேண்டும். கோலாட்டத்தில் ஒருவர் குறைந்தால் பக்கத்து ஆளின் கோல் காற்றில்தான் விழும், இங்கேயும் அப்படியே. ஏழு பேர் மட்டும் வந்த மாலைகளில் அந்த அம்மாள் ஜோடி இல்லாமல் நிற்கிறார். தன் முறை வந்ததும் ஆளில்லாத இடத்துக்கு வலக்கையை நீட்டி, யாரும் பிடிக்காத கையோடு ஒரு சுற்றுச் சுற்றி, கணக்குத் தப்பாமல் எட்டாவது பாரில் தன் இடத்துக்கு வந்து நிற்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியாது. பார்க்கிற எங்களுக்குத்தான் சங்கடம்.

அதனால்தான் கேட்கிறோம்: செவ்வாய்க்கிழமை மாலை மட்டும் பழைய மண்டபத்தின் மரத்தளத்தை எங்களுக்குக் கொடுங்கள்.

ஓர் ஆண்டு முழுக்க எங்களுக்கு எப்படிப் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கோப்பில் அது இருக்காது. செப்டம்பரில் புதியவர்களுக்கான திறந்த வகுப்பு வைத்தோம். நல்ல கூட்டம், இளவயதுக்காரர்களும் வந்தார்கள். மறுவாரம் பாதிப் பேர் கெண்டைக்கால் வலி என்று சொல்லி நின்றுவிட்டார்கள். மீதிப் பேரைக் கடைசிப் பேருந்து நிறுத்திவிட்டது, அது நாங்கள் தேநீருக்கு உட்காரும் நேரத்திலேயே புறவழிச்சாலையைத் தாண்டிப் போய்விடும்.

நவம்பரில் வழக்கம்போல 51ஆம் டிவிஷன் ரீலை ஆடினோம். 1940இல் பிரான்சில் பிடிபட்டு, ஜெர்மனியின் லாவ்ஃபன் முகாமில் அடைபட்டிருந்த அந்த ராணுவப் பிரிவின் ஸ்காட்லாந்து அதிகாரிகள் உருவாக்கிய நடனம் அது. நாலு பேர் கைகோத்து முதலில் ஒரு மூலைக்குக் குறுக்காகவும் பிறகு மறு மூலைக்குக் குறுக்காகவும் நிற்கும்போது ஸ்காட்லாந்துக் கொடியில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூ சிலுவை தெரியும். போர்க் கைதிகளுக்குக்கூட ஆடிப் பழக ஓர் இடம் கிடைத்திருக்கிறது. எங்களுக்கு வாரத்தில் ஒரு மாலை கிடைக்கவில்லை என்று அன்றைக்கு யாரோ முணுமுணுத்தார்கள். அந்த ஒப்பீடு அதிகப்படி என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் யாரும் அவரை மறுக்கவில்லை.

அப்புறம் ஜனவரி 25, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள். அன்றைக்கு மட்டும் உங்களுக்கு எங்கள் நினைவு வரும். கவுன்சிலின் விருந்துக்கு வந்து ஆடிக் காட்ட முடியுமா, கில்ட் பாவாடையும் தோளில் டார்டன் கட்டத்துணிப் பட்டையும் கட்டாயம் என்று கேட்டீர்கள். வந்தோம், ஆடினோம், படம் எடுத்தீர்கள். அந்தப் படம்தான் இப்போது உங்கள் சுற்றுலாக் கையேட்டின் அட்டையில், 'உயிர்ப்புள்ள பாரம்பரியம்' என்ற தலைப்போடு இருக்கிறது. கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன், அந்தப் பாரம்பரியம் எந்தக் கிழமை எங்கே நடக்கிறது என்று ஒரு வரி இல்லை. போடாததும் நல்லதுதான். நம்பி வருகிறவருக்குப் புறவழிச்சாலையில் பேருந்து கிடைக்காது.

மார்ச்சில் வருடாந்திர நடன விருந்து. அணிவகுப்போடு தொடங்கி, கைகோத்து 'ஆல்ட் லாங் சைன்' என்ற பிரிவுப் பாடலைப் பாடி முடியும் இரவு. அக்கார்டியன், பிடில், பியானோ, டிரம் என்று முழு இசைக்குழுவை அழைப்போம். பக்கத்து ஊர்க் குழுக்களும் வரும். ஊரில் தளம் இல்லாததால் அடுத்த ஊர் ஓட்டல் ஒன்றில் நடத்தினோம். மே மாதப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கை வாசித்தபோது அந்த ஓட்டல் வாடகை என்ன செய்திருக்கிறது என்பது தெரிந்தது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. கோடையில் பூங்காப் புல்வெளியில் ஆடினோம், யாருக்கும் முட்டி வலிக்கவில்லை. மழைதான் பாதியில் கலைத்துவிட்டது. ஸ்காட்லாந்து மழைக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மரத்தளத்தைப் பராமரிக்கச் செலவாகிறது என்கிறீர்கள். குதியில்லாத தோல் காலணி தளத்தைக் கீறாது. கீறுவது எது தெரியுமா? கம்பளச் சதுரங்களுக்கு நீங்கள் தடவிய பசையும் மேலே இழுபடும் இரும்புக் கால் மேசைகளும்தான். ஜன்னலோரம் ஒரு சதுரம் பெயர்ந்து கிடந்ததைக் கட்டணம் கட்டப் போனபோது பார்த்தேன். அடியில் பலகையின் மெருகு பசையோடு உரிந்து வந்திருந்தது.

கவுன்சிலிடம் பணம் இல்லை என்பது ஊருக்கே தெரியும். நூலகத்தின் நேரம் குறைந்தது, கடற்கரைக் கழிப்பறைக்குப் பூட்டு விழுந்தது, எதைக் கேட்டாலும் செயலியைப் பதிவிறக்குங்கள் என்கிறார்கள். செயலியில் மண்டபத்தைத் தேடினால் 'செயல்பாட்டின் வகை' என்று ஒரு பட்டியல் வரும். யோகா இருக்கிறது, பிக்கிள்பால் இருக்கிறது, நாய்ப் பயிற்சி இருக்கிறது. ஸ்காட்லாந்தில், ஸ்காட்லாந்து நடனத்துக்கு 'மற்றவை' என்பதை அழுத்த வேண்டியிருக்கிறது. 1923இல் கிளாஸ்கோவில் ஜீன் மில்லிகனும் இஸபெல் ஸ்டீவர்ட்டும் இந்த நடனங்களுக்காகச் சங்கம் தொடங்கியபோது இவை மறைந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. இன்றைக்கு டோக்கியோவில்கூடக் கிளை இருக்கிறது. மதுரையிலிருந்து வந்த என்னையும் சேர்த்துக்கொண்டு ஆடுகிறார்கள். உங்கள் பட்டியலில் மட்டும் அது 'மற்றவை'.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015ஆம் ஆண்டின் சமூக அதிகாரமளிப்புச் சட்டத்தின்படி மண்டபத்தையே எங்களுக்குக் கொடுங்கள் என்று விண்ணப்பிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு மண்டபம் வேண்டாம். ஒழுகும் கூரையையும் பழைய கொதிகலனையும் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? அவை உங்களிடமே இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது தளம், அதுவும் செவ்வாய்க்கிழமை மாலை மட்டும்.

கம்பளத்தை எடுத்துவிட்டு மேசைகளுக்குச் சக்கரம் போடுங்கள். நாங்களே ஓரம் தள்ளி, ஆடி முடித்ததும் இருந்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டுப் போகிறோம். தளத்தை மெருகூட்டும் செலவில் ஒரு பங்கைக் குழு ஏற்கும் என்று பொதுக்கூட்டத்திலேயே தீர்மானம் போட்டிருக்கிறோம், செயலாளர் அதை உங்களுக்கு அனுப்பியும் இருக்கிறார். வாடகை பழையபடியே இருக்கலாம், நியாயமாக உயர்த்தினாலும் தருகிறோம்.

அடுத்த பருவம் செப்டம்பரில் தொடங்குகிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் ஆம் அல்லது இல்லை என்று, பெயரும் பதவியும் உள்ள ஒருவர் கையெழுத்திட்டுப் பதில் தர வேண்டுகிறேன். ஆம் என்றால், மண்டபச் சாவியை யாரிடம் வாங்குவது என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். முன்பு சாவி வைத்திருந்த காவலாளியின் பணியிடத்தையும் நீக்கிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
செவ்வாய்க்கிழமை நடனக் குழுவின் உறுப்பினர் ஒருவர்