அப்பாவின் தம்புராவை மீட்டுத் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் சைதாப்பேட்டை வீட்டுக் கூடத்தில் அப்பாவின் கம்ப்யூட்டர் வாசித்தது. அம்மா சுவரோரம் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். அதற்குக் காரணமானவர்கள் யாரும் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் யார் என்ன செய்தீர்கள் என்பதையாவது நான் எழுதி வைக்க வேண்டும்.

அப்பா மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று போகும் சின்னக் குழு. வயலின் வரிசைக்கும் புல்லாங்குழலுக்கும் ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. அதனால் வீட்டிலிருந்த விண்டோஸ் 98 கம்ப்யூட்டரில் அந்த வாத்தியங்களை எல்லாம் மிடி ஃபைலாக எழுதி வைப்பார். பரணில் ஏற்றி வைத்திருந்ததால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பெட்டி தப்பியது. அவர் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் அதைக் கீழே இறக்க எனக்கு மனம் வந்தது.

முதல் நன்றி ரிச்சி தெரு அண்ணனுக்கு. அவரிடம் போவதற்கு முன்னால் நான் ஏறிய வேறொரு கடையில், "எல்லாத்தையும் ஃபார்மட் பண்ணி புதுசா ஏத்தித் தர்றோம்" என்றார்கள். ஃபார்மட் செய்திருந்தால் இன்று இந்த மடலே இல்லை. ரிச்சி தெரு அண்ணனோ மூடியைக் கழற்றிப் பார்த்தவுடனே, "தயவுசெஞ்சு ஆன் பண்ணிடாதீங்கம்மா" என்றார். மதர்போர்டில் ப்ராசஸரைச் சுற்றியிருந்த ஐந்து கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. 2000ஐ ஒட்டிய வருடங்களில் வந்த பல போர்டுகளுக்கு இதே வியாதி என்று சொன்னார். ஐந்தையும் மாற்றினார், பவர் சப்ளையை மாற்றினார், செத்துப்போயிருந்த சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினார். ஹார்டு டிஸ்க்கை மட்டும் தொடவில்லை. "இதுல இருந்து பூட் பண்றதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்துருங்க" என்று தனியாகக் கையில் கொடுத்தார்.

காப்பி எடுத்தது எங்கள் மேல்வீட்டுத் தம்பி. இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான், பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஐடிஇ என்ற பழைய இணைப்புள்ள டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்டும் அடாப்டரை யாரிடமோ இரவல் வாங்கி, ராத்திரி முழுவதும் ஓடவிட்டான். சில இடங்களில் டிஸ்க் படிக்கவே மறுத்தது. ஆனாலும் அப்பாவின் 64 பாட்டுகளும் முழுசாக வந்துவிட்டன. ஒவ்வொன்றும் 40, 50 கேபிதான். அவன் லேப்டாப்பில் ஒன்றைச் சொடுக்கியதும் பாட்டு வந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைத்து அழுதேன்.

முடியவில்லை என்று சொன்னவர் தபேலா மாமா. அப்பாவோடு இருபது வருடத்துக்கு மேல் மேடையேறியவர். கண்ணை மூடி ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "இது உங்கப்பா போட்டது இல்லம்மா. அவன் பின்னாடி தம்புரா வெச்சிருப்பான். இங்க சிதார்ல்ல டொய்ங் டொய்ங்னுது" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் இல்லையென்றால் தவறான ஒலியையே அப்பாவின் இசை என்று நான் காலம் முழுக்க வைத்துக்கொண்டிருப்பேன். மாமாவின் காதுக்கு என் நமஸ்காரம்.

தம்பி அன்றைக்கே காரணத்தைக் கண்டுபிடித்தான். மிடி ஃபைலுக்குள் சத்தமே கிடையாது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தி, எந்த எண்ணுள்ள வாத்தியத்தில் என்ற கட்டளைகள் மட்டும்தான் இருக்கும். சத்தத்தை உண்டாக்குவது சிந்தசைசர். 1991இல் வந்த ஜெனரல் மிடி முறையில் 128 வாத்தியங்கள். 105ஆவது எண் சிதார். தம்புராவுக்கு அதில் இடமே இல்லை. யமஹாவின் எக்ஸ்ஜி முறையில் அதே சிதார் எண்ணுக்குள் இன்னொரு அடுக்காகத் தம்புரா இருக்கிறது. விண்டோஸோடு வரும் சிந்தசைசர் அந்த அடுக்கு எண்ணைக் கண்டுகொள்ளாமல் சிதாரையே வாசித்துவிடுகிறது. அப்பா எழுதியது யமஹா எஸ்-ஒய்எக்ஸ்ஜி50க்காக. தனிக் கருவி எதுவும் இல்லாமல், கம்ப்யூட்டரின் ப்ராசஸரே கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்கும் சாஃப்ட்வேர் சிந்தசைசர் அது. ஆக, பாட்டு மட்டும் கிடைத்தால் போதாது, அந்தப் பெட்டியும் பழையபடி வாசிக்க வேண்டும்.

இங்கேதான் பெரம்பூர் ஐயா வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தபேலா மாமாவின் சம்பந்தி. வேறொரு பழைய டிஸ்க்கில் காப்பியை ஏற்றிப் பெட்டியை எழுப்பினார். முதலில் வந்த சத்தம் பழைய வீடியோ கேம் போல இருந்தது. டிஸ்க் படிக்க மறுத்த இடங்களில் சிந்தசைசரின் ஃபைல்களும் போயிருந்தன. அதனால் சவுண்ட் கார்டிலிருந்த எஃப்எம் என்ற எளிய ஒலி சிப் வாசித்துக்கொண்டிருந்தது. "ஒரிஜினல் சிடி இருக்கா?" என்றார். அம்மா எழுந்து போய் பீரோவில் அப்பாவின் பட்டு வேட்டிக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். சவுண்ட் கார்டோடு வந்த சிடி. அவளுக்கும் இந்த மடலில் நன்றி சொல்ல வேண்டும்.

திரும்ப நிறுவிய பிறகும் எஃப்எம் சத்தமே வந்தது. கன்ட்ரோல் பேனல், மல்டிமீடியா, மிடி என்று போய், அங்கே எந்தக் கருவி என்பதைக் கையால் மாற்றிக் கொடுத்தார். தம்புரா வந்தது. ஆனால் சரணத்தில் எல்லா வாத்தியங்களும் சேரும் இடத்தில் படபடவென்று வெடித்து உடைந்தது. ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார், எதிரொலியைக் குறைத்தார். வெடிப்பு குறைந்ததே தவிரப் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு பெரம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, செருப்பைக் கழற்றும்போதே "டிஎம்ஏ பாக்க மறந்துட்டேன்" என்றார். டிஸ்க் மாறியதும் விண்டோஸ் 98 அதைப் புது டிஸ்க்காக எடுத்துக்கொண்டு டிஸ்க்கிலிருந்து தகவலை நேராக மெமரிக்கு அனுப்பும் டிஎம்ஏ வசதியின் டிக்கை எடுத்துவிட்டிருந்தது. அது இல்லாவிட்டால் டிஸ்க்கிலிருந்து தகவல் எடுக்கும் வேலையும் ப்ராசஸர் தலையில் விழும். ஒலியைக் கணக்குப் போட வேண்டிய நேரத்தில் அது டிஸ்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். டிக் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, ஸ்வரங்களையும் எதிரொலியையும் பழைய அளவுக்கே ஏற்றினார். சரணம் சுத்தமாக வந்தது. மாமா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

தம்பிக்கு இன்னொரு நன்றி பாக்கி இருக்கிறது. சின்ன வயதில், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் மவுஸ் கிளிக் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இவ்வளவு நன்றாகக் கீபோர்டு வாசிக்கிறவர் ஏன் ஒவ்வொரு ஸ்வரமாக மவுஸால் வைக்கிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை. தம்பி சொன்னான்: அந்தக் காலத்து சாஃப்ட்வேர் சிந்தசைசர் ஒலியைக் கணக்குப் போட்டு, ஒரு பஃபரில் சேர்த்து வைத்துப் பிறகுதான் வெளியே விடும். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்றால் 1,024 சாம்பிள் பஃபருக்கே 23 மில்லி விநாடி ஆகிவிடும். பழைய டிரைவர்கள் அதற்குப் பல மடங்கு சேர்த்து வைக்கும். கட்டையை அழுத்தினால் சத்தம் தள்ளித்தான் வரும், தாளத்தோடு வாசிக்கவே முடியாது. எழுதி வைத்ததை வாசிக்கச் சொன்னால் மட்டும் பிசகாது. அதனால்தான் மவுஸ். ஒரு ஃபைலைத் திறந்தும் காட்டினான். புல்லாங்குழல் வரிசையில், ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் கோடு மலையும் பள்ளமுமாக ஓடியது. 0 முதல் 16,383 வரை போகும் எண்கள், 8,192 நடு. கமகங்களை அப்பா புள்ளி புள்ளியாக வரைந்திருக்கிறார். ஒரே ஒரு காம்போதி வரிக்கு நானூறுக்கும் மேல் புள்ளிகள். எங்களைத் தூங்க வைத்துவிட்டு அவர் செய்துகொண்டிருந்தது என்னவென்று எனக்குக் காட்டியதற்கு நன்றி தம்பி. உன் பரீட்சை நன்றாகப் போனது என்று உன் அம்மா சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது 64 பாட்டுகளையும் அந்தப் பெட்டியிலிருந்தே ஒலியாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறோம். இதுவரை 19 முடிந்திருக்கிறது. குழுவில் இருந்த எல்லோருக்கும் ஒரு பிரதி உண்டு.

குழுவில் இருந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கச்சேரிக்கு முன்னால் ஒத்திகைக்காக அப்பா ஃப்ளாப்பியில் பாட்டு கொடுத்தனுப்புவார் என்று மாமா சொல்கிறார். யார் வீட்டு டிராயரிலாவது அவர் கையெழுத்தோடு ஒன்று கிடந்தால், எந்த டிரைவிலும் போட்டுப் பார்க்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். நானே வந்தும் வாங்கிக்கொள்கிறேன். பெரம்பூர் ஐயா ஃப்ளாப்பி டிரைவின் ஹெட்டைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறார்.