கமிட் வரலாற்றைத் திருத்தும் செயலிகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

கிட் களஞ்சியங்களின் வரலாற்றைத் திருத்த உதவும் மேசைக்கணினிச் செயலிகளை உருவாக்கியும் பராமரித்தும் வரும் குழுவினருக்கு,

வணக்கம்.

கோப்புகளின் மாற்றங்களைக் களஞ்சியத்தில் கமிட்டுகளாக (பதிவுகளாக) வைத்திருக்கும் மென்பொருள் கிட். அந்தக் கமிட்டுகளைத் திருத்தி எழுதும் ரீபேஸ் கட்டளையின் ஊடாடும் வடிவம் 2007-இல் கிட் 1.5.3 பதிப்புடன் வந்தது. அன்று தொடங்கி அதன் முகம் பெரிதாக மாறவில்லை. கமிட்டுகளின் பட்டியல் ஓர் உரைக்கோப்பாகத் திறக்கும்; வரிகளை மேலும் கீழும் நகர்த்தி, வரியின் தொடக்கச் சொல்லை மாற்றி, கோப்பை மூடிவிட்டு, என்ன நடக்கிறதென்று பார்த்திருக்க வேண்டும். இந்தச் சிரமத்தைப் போக்க வந்தவைதான் உங்கள் செயலிகள். மேக் கணினிக்கான கிட்அப், வரைபடத்தின் மீதே கமிட்டுகளைத் திருத்தவும் திருத்தியதைத் திரும்பப் பெறவும் வழிசெய்தது. கிட்ஹப் டெஸ்க்டாப் 2021-இல் கமிட்டுகளை இழுத்து வரிசை மாற்றும் வசதியையும் ஒன்றோடொன்று சேர்க்கும் வசதியையும் கொண்டுவந்தது. இத்தகைய செயலிகளைத் தொடர்ந்து பயன்படுத்துபவன் என்ற முறையிலும், பிறருடைய கமிட்டுகளைச் சரிபார்ப்பவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். திருத்துவதை நீங்கள் எளிதாக்கிவிட்டீர்கள். திருத்தியது சரிதானா என்று பயனர் உறுதிசெய்துகொள்வது இன்னும் எளிதாகவில்லை. இனிவரும் பதிப்புகளில் உங்கள் உழைப்பின் பெரும்பங்கு அதற்குச் செல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை.

முதலில், மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிளையிலுள்ள (தனித் தொடராக வளரும்) கமிட்டுகளின் வரிசையை மாற்றினாலும், இரண்டை ஒன்றாக்கினாலும், ஒன்றை இரண்டாகப் பிரித்தாலும், செய்தியை மட்டும் திருத்தினாலும், கிளையின் இறுதிக் கமிட்டில் இருக்கும் கோப்புகள் மாறக் கூடாது. மாலையைப் பிரித்து மறுபடி தொடுத்தாலும் பூக்கள் குறையக் கூடாதல்லவா? இதைச் சோதிக்கக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டிய தேவைகூட இல்லை. கிட்டில் ஒவ்வொரு கமிட்டும் ஒரு ட்ரீயை, அதாவது அந்நேரத்துக் கோப்புகளின் பட்டியலை, சுட்டுகிறது. உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால், அதிலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியான ட்ரீயின் ஹேஷும் ஒன்றாகவே இருக்கும். கிளையின் பழைய முனையின் (கடைசிக் கமிட்டின்) ட்ரீ ஹேஷையும் புதிய முனையின் ட்ரீ ஹேஷையும் ஒப்பிட்டு, ‘இறுதி நிலை மாறவில்லை’ என்று ஒரு வரியில் சொன்னால், ஒன்றோடொன்று மோதும் மாற்றங்களான முரண்களைத் தீர்க்கும்போது ஏதேனும் ஒரு வரி விடுபட்டதோ என்ற ஐயம் அந்தக் கணமே தீரும். மாறியிருந்தால், எந்தக் கோப்பில் எந்த வரி மாறியது என்பதைக் காட்டி, இது வேண்டுமென்று செய்ததா என்று கேட்கலாம். ஒரு கமிட்டை நீக்கும்போதும், கிளையை வேறோர் அடித்தளத்துக்கு மாற்றும்போதும் இறுதி நிலை மாறுவது இயல்பு. அங்கே பழைய வரிசையையும் புதிய வரிசையையும் கமிட் கமிட்டாக இணைத்துக் காட்டும் ‘ரேஞ்ச்-டிஃப்’ 2018 முதலே கிட்டில் இருக்கிறது. டெர்மினலில் அதன் வெளியீட்டைப் படிப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். வரைகலை இடைமுகம் கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது, திரும்பப் பெறுதல். திருத்தத்துக்கு முந்தைய கமிட்டுகளைக் கிட் உடனே அழித்துவிடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கிளையின் முனையிலிருந்து எட்ட முடியாத பதிவுகள், முனைகளின் நகர்வுகளைக் குறித்துவைக்கும் ரெஃப்லாகில் இயல்பாக 30 நாள்கள் இருக்கும். ஆனால் செயலியின் பயனர்களில் பலர் ரெஃப்லாக் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள். அவர்கள் அதைக் கேள்விப்படத் தேவையில்லாமல் செய்வதற்காகவே ஒரு செயலி இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு செயலாகப் பதிந்து, செயலியை மூடித் திறந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்ப வழிசெய்ய வேண்டும். ஜுஜுட்சு என்ற மற்றொரு பதிப்பு மேலாண்மைக் கருவி இதை அடிப்படையிலேயே கொண்டிருக்கிறது: அதில் செயல்பாடுகளுக்கென்றே தனிப் பதிவேடு உண்டு. கிட்டைப் பின்புலமாகக் கொண்டே அது இயங்குவதால், கிட் இதற்கு இடம்தராது என்று சொல்வதற்கில்லை. இதில் ஒன்றை மறந்துவிட வேண்டாம். கமிட் செய்யப்படாத மாற்றங்கள் ரெஃப்லாகில் இருப்பதில்லை. ஆகவே திருத்தம் தொடங்கும் முன் அவற்றையும் செயலியே ஓரிடத்தில் பத்திரப்படுத்தினாலன்றி, திரும்பப் பெறும் பொத்தான் பாதி வாக்குறுதியாகவே நிற்கும்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். திருத்திய கிளையை ரிமோட்டுக்கு, அதாவது குழுவினர் பகிர்ந்துகொள்ளும் தொலைக் களஞ்சியத்துக்கு, அனுப்பும்போது பழைய வரலாற்றின் மீது எழுத வேண்டியிருக்கிறது. அதற்கிடையில் சக பணியாளர் ஒருவர் அதே கிளையில் ஒரு கமிட்டைச் சேர்த்திருந்தால் அது காணாமல் போகும். இதைத் தடுக்க ‘ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ என்ற தெரிவு 2013-இல் கிட் 1.8.5 பதிப்பில் வந்தது. ரிமோட்டின் நிலை நாம் கடைசியாக அறிந்த நிலையாகவே இருந்தால் மட்டும் எழுது என்பது அதன் பொருள். ஆனால் ‘நாம் கடைசியாக அறிந்தது’ என்பதைக் கிட் நம் கணினியிலுள்ள ரிமோட் கிளையின் குறிப்பைப் பார்த்தே முடிவுசெய்கிறது; பின்னணியில் அவ்வப்போது ஃபெட்ச் செய்யும் (ரிமோட்டின் புதிய நிலையைப் பெற்றுவரும்) செயலியோ அந்தக் குறிப்பைப் பயனருக்குத் தெரியாமலேயே புதுப்பித்துவிடுகிறது. சக பணியாளரின் கமிட்டைப் பயனர் பார்த்திருக்கவே மாட்டார். கிட்டோ அவர் பார்த்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு அதன் மீது எழுத அனுமதிக்கும். பாதுகாப்புக்கென்று வந்த தெரிவு, வசதிக்கென்று வைத்த பின்னணி ஃபெட்ச்சால் செயலிழந்துவிடுகிறது. கிட்டின் ஆவணங்களே இதைப் பற்றி எச்சரிக்கின்றன. இதற்கான மருந்தாக ‘ஃபோர்ஸ்-இஃப்-இன்க்லூட்ஸ்’ 2020 டிசம்பரில் 2.30 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

ஆனால் உங்களால் இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியும். பயனர் திருத்தத்தைத் தொடங்கும் தருணத்தில் ரிமோட் கிளை எந்த ஹேஷில் இருந்ததோ அதைக் குறித்துவைத்து, அனுப்பும்போது அதே ஹேஷை எதிர்பார்க்கும் மதிப்பாக வெளிப்படையாகக் கொடுங்கள். லீஸ் தெரிவு அதற்கு இடம்தருகிறது. இடையில் எத்தனை முறை ஃபெட்ச் நடந்தாலும் பாதுகாப்பு குலையாது. நிராகரிக்கப்பட்டால், ‘அனுப்ப இயலவில்லை’ என்று சிவப்பில் காட்டுவதோடு நில்லாமல், இடையில் வந்த கமிட்டுகள் யாருடையவை, எவை என்று பட்டியலிட்டு, அவற்றைப் புதிய வரிசையில் சேர்த்துக்கொள்ளும் வழியையும் காட்டுங்கள். பலர் வேலை செய்யும் கிளையில் இந்த ஒரு மாற்றம் தரும் பயன், புதிய தோற்றங்கள் பத்து தருவதைவிட அதிகம் என்பது என் கருத்து.

ஒன்றின் மேல் ஒன்றாகக் கிளைகளை அடுக்கி வேலை செய்வோருக்கு, அடிக்கிளையைத் திருத்தினால் மேற்கிளைகளும் உடன் நகர வேண்டும். 2022-இல் இதற்கென வந்த ‘அப்டேட்-ரெஃப்ஸ்’ தெரிவு இருக்க, இதைப் பயனர் கையால் செய்ய விடுவது நியாயமில்லை. அதே ஆண்டின் 2.38 பதிப்பில் மறுவடிவம் பெற்ற ‘மெர்ஜ்-ட்ரீ’, பணிக் கோப்புறையைத் தொடாமலேயே இணைப்பைக் கணக்கிட்டுத் தருகிறது. அதைப் பயன்படுத்தினால், கோப்புகளின் நேரமுத்திரை மாறி முழு நிரலும் மறுபடி கட்டமைக்கப்படும் காத்திருப்பு பெருமளவு குறையும்.

தமிழில் எழுதுவோர் சார்பாகவும் சில சொற்கள். மென்பொருள் மொழிபெயர்ப்புகளும் கட்டுரைகளும் இன்று கிட்டில் பராமரிக்கப்படுகின்றன. தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பைக் கிட் இயல்பாக எண்குறிகளாகவே வெளியிடுகிறது. ‘த’ என்ற ஓரெழுத்து \340\256\244 என்று வரும். செயலி இதை அப்படியே திரையில் காட்டுவது சோம்பல் என்றே சொல்வேன், ஏனெனில் பெயர்களை எண்குறிகளாக்கும் ‘கோட்பாத்’ அமைப்பை நிறுத்தினாலே போதும். ‘கொ’ போன்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கிட்டுக்கு வேறு. எந்த மாற்றமும் தெரியாத ஒரு வரி மாறியதாகக் காட்டப்பட்டால் பயனர் திகைக்காமல் என்ன செய்வார்? அவ்விடத்தில் ‘குறிமுறை மட்டும் வேறுபடுகிறது’ என்று சொல்லுங்கள். உரைநடையில் ஒரு பத்தி ஒரே வரியாக இருப்பதால், கமிட்டைப் பிரிக்கும்போது வரியளவில் மட்டும் தேர்வுசெய்ய விடுவது போதாது. சொல்லளவிலும் பிரிக்க இயல வேண்டும். அவ்வாறு பிரிக்கையில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவே வெட்டு விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

இவை அனைத்தையும் ஒரே வெளியீட்டில் எதிர்பார்க்கவில்லை. வரிசைப்படுத்தச் சொன்னால், பிறருடைய உழைப்பு அழியாமல் காக்கும் லீஸ் திருத்தத்தை முதலிலும், ட்ரீ ஒப்பீட்டை அதற்கடுத்தும் வைப்பேன். இரண்டுக்கும் புதிய திரை எதையும் வடிவமைக்க வேண்டியதில்லை. திறமூலமாக இயங்கும் குழுக்கள் இதற்கான கோரிக்கையைத் திறந்துவைத்தால், தமிழ்க் கோப்புகளைக் கொண்ட சோதனைக் களஞ்சியம் ஒன்றை ஆயத்தம் செய்து தர ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் செயலிகளின் பயனர் ஒருவர்